தனித்துப் போட்டியா, பெரிய கட்சிக்கு ஆதரவா? மக்கள் இயக்கங்களைப் பிளவுபடுத்தும் கேள்வி

மணிப்பூரின் தௌபல் தொகுதியில் 2017 சட்டப்பேரவைத் தேர்தலில் இரோம் சர்மிளா பெற்ற வாக்குகள் 90. ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தை விலக்கக் கோரி 16 ஆண்டுகள் உண்ணாவிரதம் இருந்தவர் அவர். அங்கு நோட்டாவுக்குக்கூட 143 வாக்குகள் விழுந்தன. வெற்றி பெற்ற அப்போதைய முதல்வர் ஒக்ராம் இபோபி சிங் பெற்றவை 18,649.

சர்மிளாவின் போராட்டத்தை இந்த எண்ணைக் கொண்டு அளப்பது நியாயமாகாது. ஆயினும், மக்கள் இயக்கங்கள் சொந்தச் சின்னத்தில் நிற்பதா அல்லது இருக்கும் கட்சிகளில் ஏற்கத்தக்க ஒன்றை ஆதரிப்பதா என்ற விவாதத்தில் இதைத் தவிர்க்கவும் இயலாது.

விவாதத்தின் வேர் தேர்தல் முறையில் உள்ளது. தொகுதியில் அதிக வாக்கு பெறுபவரே வெற்றியாளர். பிறருக்கு விழுந்த வாக்குகளால் ஓர் இடமும் கிடைக்காது. பதிவான செல்லுபடியாகும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாதவர் வைப்புத்தொகையையும் இழப்பார். நோட்டா முதலிடம் பெற்றாலும் சட்டப்பேரவை, மக்களவைத் தேர்தல்களில் அதற்கு அடுத்த வேட்பாளரே வென்றதாக அறிவிக்கப்படுவார். எனவே, மூன்றாவது அணிக்கு வாக்களிப்பது விரும்பாத கட்சிக்கே உதவும் என்பது ஒரு தரப்பின் வாதம். பெரிய கட்சிகளையே மீண்டும் மீண்டும் ஆதரித்தால் மாற்று என்றைக்கும் உருவாகாது என்கிறது மறுதரப்பு.

பஞ்சாபில் இந்த மோதல் வெளிப்படையாகவே நிகழ்ந்தது. வேளாண் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்ட சில வாரங்களில், 2021 டிசம்பரில், விவசாயச் சங்கங்களில் ஒரு பகுதியினர் சம்யுக்த சமாஜ் மோர்ச்சாவைத் தொடங்கினர். போராட்டத்தை நடத்திய சம்யுக்த கிசான் மோர்ச்சாவோ தனது பெயரைத் தேர்தலில் பயன்படுத்தக் கூடாது என்று விலகி நின்றது. மாநிலத்தின் பெரிய சங்கங்களுள் ஒன்றான உக்ரஹான் பிரிவும் சேரவில்லை. 2022 தேர்தலில் ஆம் ஆத்மி கட்சி 117 இடங்களில் 92-ஐக் கைப்பற்றியது. மோர்ச்சாவுக்கு ஓரிடமும் இல்லை. சம்ராலாவில் நின்ற அதன் தலைவர் பல்பீர் சிங் ராஜேவால் வைப்புத்தொகையை இழந்தார். ஓராண்டுக்கும் மேலாக தில்லி எல்லையில் ஒன்றாக அமர்ந்திருந்தவர்கள் வாக்குச்சாவடியில் ஒன்றாக நிற்கவில்லை.

மேற்கு வங்கத்தில் 2021-ல் செயல்பாட்டாளர்கள் வேறு வழியைத் தேர்ந்தனர். பாஜகவுக்கு வாக்களிக்க வேண்டாம் என்று பரப்புரை செய்தவர்கள், யாருக்கு வாக்களிப்பது என்பதை வாக்காளரிடமே விட்டனர். அதன் பலன் திரிணமூலுக்கே சென்றது என்று இடதுசாரிகளில் ஒரு சாரார் குறை கூறினர்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியைக் கர்நாடகத்தின் மேலுகோட்டே தொகுதியில் காணலாம். விவசாயத் தலைவர் கே.எஸ். புட்டண்ணையா 2013-ல் சர்வோதய கர்நாடக கட்சி சார்பில் வென்ற தொகுதி அது. அவரது மறைவுக்குப் பின் மகன் தர்ஷன் புட்டண்ணையா 2018-ல் ஸ்வராஜ் இந்தியா சார்பில் போட்டியிட்டார். காங்கிரஸ் வேட்பாளரை நிறுத்தாமல் அவருக்கு வழிவிட்டது. எனினும் மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் சி.எஸ். புட்டராஜுவிடம் அவர் தோற்றார். தேர்தல் முடிந்ததும் அதே ஜனதா தளத்துடன் காங்கிரஸ் கூட்டணி ஆட்சி அமைத்தது. புட்டராஜு அமைச்சரானார்.

2023-ல் காங்கிரஸ் மீண்டும் ஒதுங்கிக்கொள்ள, தர்ஷன் தந்தையின் கட்சி சார்பில் நின்று புட்டராஜுவைத் தோற்கடித்தார். இயக்கத்தின் சொந்தக் கட்சிக்குச் சட்டப்பேரவையில் மீண்டும் ஒரு குரல் கிடைத்தது. அடுத்த தேர்தலிலும் காங்கிரஸ் வழிவிடுமா என்பதை முடிவு செய்யும் அதிகாரம் மட்டும் அந்த விவசாயிகளிடம் இல்லை.