படகு எங்க இருக்குன்னு கரைக்குத் தெரிஞ்சா போதுமா?

இந்த எபிசோடை மேல்மலையனூர்ல இருந்து பேசுறேன். செஞ்சிக்குப் பக்கம், சுத்தி வயலும் பாறையும். கடலுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. இங்க அங்காளம்மனுக்குப் பரம்பரையா பூசை செய்றவங்க பருவதராஜகுல மீனவர்கள், ஏரி குளத்துல வலை போட்ட சமூகம். இதே விழுப்புரம் மாவட்டத்துலதான் மரக்காணம் கடற்கரையும் இருக்கு. ஏரியில வலை போடுறவர் கூப்பிட்டா கரைக்குக் கேக்கும். கடல்ல அது நடக்காது. இன்னைக்குப் பேசப்போறது அதைப் பத்தித்தான்.

2017 நவம்பர் 29, 30. ஒக்கி புயல். கன்னியாகுமரி மாவட்டத்துல தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மாதிரி ஊர்க்காரங்க ஆழ்கடல் மீன்பிடிக்குப் பேர்போனவங்க. ஒரு தடவை போனா வாரக்கணக்குல கடல்லயே இருப்பாங்க. புயல் எச்சரிக்கை வந்தப்போ பல படகுகள் ஏற்கெனவே வெகுதூரத்துல இருந்துச்சு. செல்போன் சிக்னல் கரையைவிட்டுக் கொஞ்ச தூரத்துலயே போயிடும். படகுல இருக்குற விஎச்எஃப் ரேடியோ நேர்க்கோட்டுல போற அலை, பூமி வளையுற இடத்தோட சரி. தமிழ்நாடு, கேரளா ரெண்டுலயும் இறந்தவங்க, காணாமப்போனவங்க நூற்றுக்கணக்குல.

தேடுறது எவ்வளவு கஷ்டம்னு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. படகு மணிக்கு 6 கடல் மைல் போகுதுன்னு வைங்க. கடைசியா அதைப் பத்தித் தெரிஞ்சு 6 மணி நேரம் ஆச்சுன்னா, எந்தத் திசையிலயும் 36 கடல் மைல் போயிருக்கலாம். தேடவேண்டிய வட்டம் சுமார் 4,000 சதுர கடல் மைல். அதே தகவல் அரை மணி நேரம் பழசுன்னா? வெறும் 28. ஹெலிகாப்டர் ஒண்ணுதான், எரிபொருளும் அளவாத்தான் இருக்கு. ஆள் கிடைப்பாரா மாட்டாரான்றது பெரும்பாலும் இந்த வித்தியாசத்துலதான் இருக்கு.

ஒக்கிக்குப் பிறகு நாவிக் ரிசீவர் குடுத்தாங்க. 2019 அக்டோபர்ல, ஐதராபாத்துல இருக்குற இன்காய்ஸ் நிறுவனத்தோட சேவையா ஜெமினி கருவி வந்துச்சு. இது ககன் செயற்கைக்கோள் வழியா புயல், அலை எச்சரிக்கையை வாங்கி ப்ளூடூத்ல போனுக்கு அனுப்பும். நல்ல விஷயம்தான், ஆனா ஒருவழி. கரை பேசும், படகு பதில் சொல்ல முடியாது. இஸ்ரோவோட ஆபத்து எச்சரிக்கைக் கருவி டாட், அதாவது டிஸ்ட்ரஸ் அலர்ட் டிரான்ஸ்மிட்டர், இதுக்கு நேர் எதிர். பட்டனை அமுக்கினா படகோட இடம் கரைக்குப் போகும், ஆனா போய்ச்சேந்துச்சான்னு அமுக்கினவருக்குத் தெரியாது. ராத்திரி, தண்ணி உள்ள வந்துட்டு இருக்கு, பதிலே இல்லைன்னா எப்படி இருக்கும்? 2024 ஜனவரியில வந்த இரண்டாம் தலைமுறை டாட்தான் "உங்க செய்தி கிடைச்சுது"ன்னு திருப்பிச் சொல்லுது. என்னைக் கேட்டா, இத்தனை வருஷத்துல நடந்த பெரிய முன்னேற்றம் அதுதான்.

அடுத்து டிரான்ஸ்பாண்டர். 2015-ல ஏவின ஜிசாட்-6 செயற்கைக்கோள்ல 6 மீட்டர் அகலத்துக்குக் குடை மாதிரி விரியுற ஆன்டெனா இருக்கு. மேல பெரிய காது இருக்குறதால, கீழ படகுல சின்னக் கருவி மெதுவாப் பேசினாலும் கேக்குது. நப்மித்ரான்ற ஆப் மூலமா சிக்னலே இல்லாத இடத்துலயும் குறுஞ்செய்தி அனுப்பலாம், வாங்கலாம். எல்லைக்கோட்டை நெருங்கினா எச்சரிக்கும். 2024 ஆகஸ்ட் 30-ல மத்திய அரசு 364 கோடி ரூபாய் செலவுல 1 லட்சம் படகுகளுக்கு இலவசமாக் குடுக்குற திட்டத்தைத் தொடங்குச்சு.

ஆனா நான் படகுக்காரனா இருந்தா முதல்ல கேக்குறது, "என் இடத்தை யார் யார் பாப்பாங்க?" 2008 மும்பைத் தாக்குதலுக்கு வந்தவங்க குபேர்ன்ற மீன்பிடிப் படகைக் கடத்தித்தான் வந்தாங்க. அதுக்கப்புறம் மீன்பிடிப் படகைக் கண்காணிக்கணும்னு அரசு நினைச்சது பாதுகாப்புக்காகவும்தான். பாக் நீரிணையில எல்லை தாண்டினதுக்கு இந்தப் பதிவே சாட்சி ஆகுமா? நல்ல மீன் கிடைக்குற இடம் பக்கத்துப் படகுக்குத் தெரிஞ்சிடுமா? இதுக்கு எழுத்துல தெளிவான பதில் இல்லைன்னா கருவியை அணைச்சு வெச்சிடுவாங்க. அணைச்ச கருவியால அந்த 4,000 ஒருநாளும் 28 ஆகாது.

சின்ன ஃபைபர் படகுக்கு இன்னொரு சிக்கல். கேபின் இல்லை, சார்ஜ் போட இடமில்லை, எப்பவும் ஈரம். அவங்களுக்குத் தனி பேட்டரியோட கையில தூக்குற டாட்தான் இப்போதைக்குப் பொருத்தம்னு நினைக்கிறேன்.