கவசத்தைக் கழற்றியபோது தெரிந்த முகம்

கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், எமது பெண்கள் குழுவின் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். குழுவின் இளைய அங்கத்தவர் ஒருவர் தனது கைத்தொலைபேசியில் ஒரு வீடியோவை எல்லோருக்கும் காட்டினார். இங்கிலாந்தின் ஒரு கோட்டை வாசல். தலை முதல் கால் வரை இரும்புக் கவசம் அணிந்த இருவர், குதிரைகளில் எதிரெதிராகப் பாய்ந்து வருகின்றனர். கைகளில் மூன்று மீற்றருக்கும் நீண்ட ஈட்டிகள். கண் மூடித் திறப்பதற்குள் மோதல். ஈட்டியொன்று சுக்குநூறாக உடைந்து சிதறுகின்றது. கூட்டம் ஆர்ப்பரிக்கின்றது. வென்றவர் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். வியர்வையில் நனைந்த, சிரித்த முகம் ஒன்று தெரிகின்றது.

"இது பொம்பிளைப் பிள்ளையே?" என்றார் ஒருவர் வியப்புடன்.

மூலையில் அமர்ந்திருந்த வயது முதிர்ந்த அம்மா ஒருவர் மட்டும் வியக்கவில்லை. "அது சரி மிஸ், விழுந்து கையைக் காலை முறிச்சுக்கொண்டா ஆர் பாக்கிறது?" என்று என்னிடம் கேட்டார்.

அவருடைய கேள்வி வீடு வரை என்னுடன் வந்தது. அதற்குப் பதில் தேடப் போய் நான் அறிந்துகொண்டவற்றையே வாசகியரே, உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

ஈட்டிப் போட்டி என்பது என்ன?

ஆங்கிலத்தில் 'ஜவுஸ்டிங்' எனப்படும் இது மத்திய கால ஐரோப்பாவில் போர்ப் பயிற்சியாகத் தொடங்கியது. நாளடைவில் அரசர்களும் பிரபுக்களும் தமது வீரத்தையும் செல்வத்தையும் காட்டும் விழாவாக வளர்ந்தது. உயிர்ச்சேதம் கூடியதால் கத்தோலிக்கத் திருச்சபை 12ஆம் நூற்றாண்டில் இத்தகைய போட்டிகளைத் தடை செய்தது. களத்தில் இறப்போருக்குத் திருச்சபையின் நல்லடக்கம் கூட மறுக்கப்பட்டது. அப்படியிருந்தும் போட்டிகள் நிற்கவில்லை. இறுதியில் 1316ஆம் ஆண்டு பாப்பரசர் 22ஆம் யோவான் தடையை நீக்கினார். 15ஆம் நூற்றாண்டில் இரு குதிரைகளும் ஒன்றோடொன்று முட்டாதிருக்க நடுவே நீண்ட தடுப்பு வேலி அமைக்கும் வழக்கம் வந்தது. இன்றும் அந்த வேலியின் இரு புறமுமாகவே ஓடுகின்றனர்.

இன்றைய போட்டியில் ஈட்டியின் முனைப் பகுதி பெரும்பாலும் பல்சா போன்ற மெல்லிய மரத்தால் ஆனது. பட்டவுடன் உடைய வேண்டும் என்பதே இதன் நோக்கம். எதிராளியின் இடது தோளை மூடிய கேடயத்தில் ஈட்டியை உடைத்தால் புள்ளி கிடைக்கும். குதிரையின் மீது அடிப்பதோ பெருங்குற்றமாகும். கவசத்தின் நிறையும் அதிகம். 40 கிலோ வரையும் செல்லும். தலைக்கவசத்தில் பார்ப்பதற்கு ஒடுங்கிய கீறல் போன்ற இடைவெளியே உண்டு. மோதும் கணத்தில் சற்றே தலையை நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தினால் கண் தப்பும். ஆனால் எதிரே வருபவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். அதாவது அடி விழும் கணத்தில் வீரர் ஏறத்தாழக் குருடராகவே இருக்கிறார்.

மேடையில் இருத்தப்பட்டவள்

இந்த விழாக்களில் பெண்ணுக்கு ஓர் இடம் எப்போதும் இருந்தது. அது பார்வையாளர் மேடை. அவள் தன் கைக்குட்டையையோ நாடாவையோ வீரனுக்குக் கொடுப்பாள். வென்றவனுக்குப் பரிசு வழங்குவாள். யாருக்காகப் போட்டி நடக்கின்றதோ அவள் களத்தில் இல்லை.

1559 ஜூன் 30ஆம் திகதி பிரான்ஸ் மன்னர் இரண்டாம் ஹென்றி, பாரிஸ் நகரில் தன் மகளின் திருமணக் கொண்டாட்டத்தில் ஈட்டிப் போட்டியில் இறங்கினார். அவர் அணிந்திருந்த கறுப்பு வெள்ளை நிறங்கள் அவருடைய காதலி டயான் டி பொய்ட்டியேக்கு உரியவை. மனைவி கத்தரீன் டி மெடிச்சி பார்த்துக்கொண்டிருந்தார். எதிராளியின் ஈட்டி உடைந்து, அதன் சிராய் மன்னரின் தலைக்கவச இடைவெளி வழியே கண்ணருகே புகுந்தது. அக்காலத்தின் தலைசிறந்த மருத்துவர்களான அம்புறுவாஸ் பாரேயும் வெசாலியசும் வந்து பார்த்தும் பயனில்லை. பத்து நாட்களில் மன்னர் இறந்தார். ஆண்கள் விளையாடினர், அதன் விளைவைப் பெண்களும் பிள்ளைகளும் சுமந்தனர். எமக்கு இது புதிய கதையல்ல.

மேடையை விட்டு இறங்கிய பெண்களைப் பற்றியும் ஒரு பதிவு உண்டு. லெஸ்டர் நகர மடத்துத் துறவியும் வரலாற்றுப் பதிவாளருமான ஹென்றி நைட்டன், 1348ஆம் ஆண்டைப் பற்றி எழுதும்போது ஒரு விடயத்தைக் குறிப்பிடுகிறார். போட்டி நடக்கும் இடங்களுக்கு நாற்பது ஐம்பது பெண்கள் கூட்டமாக, ஆண்களின் உடையில், இடுப்பில் குறுவாளுடன், நல்ல குதிரைகளில் ஏறி வந்தார்களாம். அவர்கள் மோதினார்கள் என்று அவர் சொல்லவில்லை. வந்ததே அவருக்குப் பொறுக்கவில்லை. இவர்களுடைய அடங்காத்தனத்தைக் கண்டித்தே இறைவன் அடைமழையை அனுப்பினான் என்பது அவரது முடிவு.

இதோடு இன்னொரு மழையையும் நினைவுகூர வேண்டும். 1839 ஓகஸ்டில் ஸ்கொட்லாந்தில் எக்லிங்டன் பிரபு பழைய ஈட்டிப் போட்டியைப் பெருஞ்செலவில் மீண்டும் நடத்திக் காட்டினார். பெண்கள் யாரும் குறுவாள் செருகி வரவில்லை. சீமோர் சீமாட்டி 'அழகு ராணி'யாக மேடையில் ஒழுங்காக வீற்றிருந்தார். இருந்தும் மழை கொட்டியது. திடல் சேறாகியது. அம்முறை மழைக்கு யாரும் பெண்களைக் குற்றஞ்சாட்டவில்லை.

இன்றைய களத்தில்

கடந்த சில தசாப்தங்களில் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா, ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இப்போட்டிகள் மீண்டும் உயிர்பெற்றுள்ளன. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1996இல் திறக்கப்பட்ட அரச படைக்கல அருங்காட்சியகம் ஈஸ்டர் காலத்தில் பல நாட்டு வீரர்களை அழைத்துப் போட்டிகளை நடத்தி வந்துள்ளது. 2016ஆம் ஆண்டு 'இங்கிலிஷ் ஹெரிட்டேஜ்' நிறுவனம் இதனை ஒலிம்பிக் விளையாட்டாக ஏற்க வேண்டும் என்று ஒரு பிரசாரத்தையே மேற்கொண்டது.

இன்றைய களங்களில் பெண்களும் மோதுகின்றனர். அவர்களுக்கெனத் தனிப் பிரிவு வகுக்கப்படாமல், ஆண்களை எதிர்த்து, அதே ஈட்டியுடன், அதே புள்ளி விதிகளின்படி ஓடுகின்றனர். இது எப்படிச் சாத்தியம் என்று கேட்கலாம். மோதலின் விசையைத் தருவது குதிரை. ஓடுபவரிடம் வேண்டப்படுவது சேணத்தில் அசையாத இருக்கை, குதிரையுடன் ஒத்திசைவு, முனையை இலக்கில் நிறுத்தும் கை, தப்பாத நேரக்கணிப்பு ஆகியவை. இவை பயிற்சியால் வருபவை. மரத்தூணில் சுழலும் இலக்கை அடித்து அடித்துப் பழக வேண்டும். அடித்துவிட்டு விரைந்து விலகாவிட்டால், மறுமுனையில் தொங்கும் மணல்மூட்டை முதுகில் அறையும்.

குதிரையேற்றத்தில் ஆண் பெண் சமத்துவம் நிரூபிக்கப்பட்டு நெடுங்காலமாகிறது. ஒலிம்பிக் குதிரை நடைப் போட்டியில் 1948 வரை இராணுவ அதிகாரிகளான ஆண்களே பங்குபற்ற முடிந்தது. 1952இல் ஹெல்சிங்கியில் முதன்முறையாகப் பெண்கள் அனுமதிக்கப்பட்டனர். அவ்வாண்டே டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் வெள்ளிப் பதக்கம் வென்றார். 1944இல் இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த பெண் அவர். குதிரையில் ஏறவும் இறங்கவும் பிறர் கைகொடுக்க வேண்டியிருந்தது. 1956இலும் அவரே வெள்ளி வென்றார்.

உடையிலும் ஒரு பாடம் இருக்கின்றது. திரைப்படங்களில் வரும் வீராங்கனைகளுக்கு மார்பின் வடிவம் தனித்தனியே தெரியும்படி நெஞ்சுத் தகடு செய்து மாட்டிவிடுகின்றனர். பார்ப்பவர் கண்ணுக்கு விருந்தாக இருக்கலாம். ஆனால் அப்படியான தகட்டில் ஈட்டி பட்டால் அது வழுக்கி நடு நெஞ்சுக்கே செல்லும். உண்மையான கவசத்தின் நெஞ்சுத் தகடு முன்புறம் குவிந்து, இடுப்பில் ஒடுங்கி இருக்கும். அடி பட்டால் இரு புறமும் சறுக்கிப் போகும். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதுவே பாதுகாப்பு. பெண்ணைக் காக்கச் செய்த பொருளும் பெண்ணைக் காட்டச் செய்த பொருளும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது!

ஒரே வளையம், இரு விதிகள்

ஆளை ஆள் மோதாமல், தொங்கும் வளையத்தை ஈட்டி முனையால் கோர்த்தெடுக்கும் வகையும் உண்டு. அமெரிக்காவின் மேரிலன்ட் மாநிலம் 1962இல் இதனைத் தன் உத்தியோகபூர்வ விளையாட்டாக அறிவித்தது. மூன்று வளைவுகளில் தொங்கும் மூன்று வளையங்களை, ஏறத்தாழ எட்டு ஒன்பது செக்கன்களில் பாய்ந்தோடிக் கோர்க்க வேண்டும். வளையத்தின் விட்டம் ஒன்றேமுக்கால் அங்குலத்தில் தொடங்கிக் கால் அங்குலம் வரை சுருங்கும். கல்வர்ட் மாவட்டத்தில் ஒரு தேவாலயத் திடலில் 1866இல் தொடங்கிய போட்டி தலைமுறைகளைக் கடந்து நடந்து வந்துள்ளது. முன்பு வென்ற ஆண் ஒரு பெண்ணுக்கு ராணி முடி சூட்டுவான். இன்றோ தாயும் தந்தையும் பிள்ளைகளும் ஒரே திடலில் ஓடுகின்றனர். தகுதித் தரம் உண்டு. ஆண் பெண் பிரிவு இல்லை.

குரோஷியாவின் சிஞ் நகரிலும் இதே வகைப் போட்டி ஒன்று உண்டு. 1715இல் ஒட்டோமன் படையை வென்றதன் நினைவாக ஆண்டுதோறும் ஓகஸ்டில் நடக்கும் 'அல்கா' விழா அது. 2010இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. அங்கும் பாயும் குதிரை, தொங்கும் வளையம், நீட்டிய ஈட்டி. ஆனால் ஈட்டி ஏந்துபவர்கள் அப்பிரதேசத்து ஆண்கள் மட்டுமே.

மேரிலன்டில் ஒரு பெண்ணின் கை செய்வதை சிஞ் நகரில் ஒரு பெண்ணின் கை செய்யாதா? இயற்கை வகுத்த எல்லை என்று நாம் நம்பும் பல, உண்மையில் சமூகம் எழுதிய விதிகளே. பால்நிலை பற்றிய பாடங்களில் இதனைப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். இரண்டு வளையங்கள் அதனை ஒரு நொடியில் விளக்கிவிட்டன.

ஆபத்தை மறைக்கக் கூடாது

இவற்றையெல்லாம் கூறி, இது பஞ்சுமெத்தை விளையாட்டு என்று சொல்ல நான் வரவில்லை. 2007ஆம் ஆண்டு இங்கிலாந்தின் றொக்கிங்ஹாம் கோட்டையில், ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக ஈட்டிப் போட்டியை நடித்துக்காட்டிய ஒருவரின் கண்ணில், தலைக்கவச இடைவெளி வழியே மரச்சிராய் பாய்ந்தது. சுமார் ஒரு வாரத்தில் அவர் இறந்தார். 448 ஆண்டுகளுக்கு முன் ஒரு மன்னரைக் கொன்ற அதே ஆபத்து! எலும்பு முறிவும் சிராய்ப்பும் இங்கு சாதாரணம். செலவும் சாதாரணமல்ல. உடலுக்கு அளவெடுத்துச் செய்யும் கவசம் ஆயிரக்கணக்கான பவுண். குதிரையின் தீனியும் பராமரிப்பும் வேறு. எனவே பால்நிலை வேலி தாழ்ந்த இடத்திலும் வர்க்க வேலி உயர்ந்தே நிற்கின்றது.

ஆர் பாக்கிறது?

அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

கவசம் அணிந்தவர் எவராலும் அதனைத் தனியே அணிய முடியாது. முதுகுப்புற வார்களை இறுக்க இன்னொருவர் வேண்டும். ஈட்டியை எடுத்துக் கொடுக்கவும், குதிரையைப் பிடிக்கவும், விழுந்தால் ஓடிவரவும் உதவியாளர்கள் நிற்பர். நடுவர் உண்டு. முதலுதவிக் குழு உண்டு. களத்தில் இறங்குவதற்கு முன்பே 'ஆர் பாக்கிறது' என்பதற்குப் பதில் தயாராக இருக்கின்றது.

எனது தொழிலில் கை முறிந்த பெண்களைச் சந்தித்திருக்கிறேன். குதிரையில் இருந்து விழுந்தவர்கள் அல்லர். சமையலறையில், சொந்த வீட்டு வாசலில் முறிக்கப்பட்ட கைகள் அவை. அங்கே கவசம் இல்லை. நடுவர் இல்லை. அடிக்கக் கூடாத இடம் என்று ஒன்றும் இல்லை. போதும் என்று கையுயர்த்தி விலகும் உரிமையும் இல்லை. அவர்களைக் கட்டிக் கொடுத்தபோது, ஏதும் நடந்தால் ஆர் பார்ப்பது என்று எவரும் கேட்கவில்லை. ஆனால் மகள் சைக்கிள் ஓட, கிரிக்கெட் ஆட, தூர இடத்துக்கு வேலைக்குப் போக விரும்பும்போது மட்டும் அந்தக் கேள்வி முதலில் வந்து நிற்கின்றது.

அடுத்த கூட்டத்தில் இதனை அந்த அம்மாவிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தன் பேத்தி பாடசாலை விளையாட்டுப் போட்டியில் தடை தாண்டி ஓடக் கேட்டதையும், தான் வேண்டாமென்று மறித்ததையும் சொன்னார். "நான் மறிச்சது பிழையோ தெரியாது. முதலுதவிக்கு ஆள் நிக்குமோ எண்டு அந்த ரீச்சரிட்டக் கேட்டுப்பாக்கிறன்" என்றார்.

கேள்வி மாறவில்லை, கேட்ட இடம் மாறிவிட்டது. பெண் பிள்ளையை வேலிக்கு இப்பால் நிறுத்துவதற்காகக் கேட்கப்பட்ட கேள்வி, அவள் ஓடும்போது அருகே யார் நிற்பது என்று கேட்கும் கேள்வியாகிவிட்டது. எமது வீட்டுப் பிள்ளைகளுக்காக நாமும் அதனை அப்படிக் கேட்கப் பழகிக்கொள்வோமா?