உங்களுக்குத் தெரியுமா? மின்திரை வேண்டாம், மண் தரை போதும்!

சில ஊர்களில் மதுக்கூடத்துக்குள் திரை கட்டி, அதன் மேல் கோல்ஃப் பந்தை அடிக்கிறார்கள். கேமராவோ ரேடாரோ வேகத்தை அளக்க, பந்து எங்கே விழுந்திருக்கும் என்று கணினி காட்டுகிறது. புதுச்சேரியிலோ மாலைப் பொழுதுக்கு ‘பெத்தாங்க்’ என்ற குண்டு வீசும் ஆட்டம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் போனாலும் ஆட்டம் போகவில்லை. 6 முதல் 10 மீட்டர் தொலைவில் ஒரு சின்ன மரக்குண்டு. 650 முதல் 800 கிராம் எடையுள்ள உலோகக் குண்டை அதை ஒட்டி விழும்படி வீச வேண்டும். எதிரணியின் குண்டை அடித்தும் விரட்டலாம். வேடிக்கை பார்ப்பவர்களுக்கு அதுதான் ருசி! முதலில் 13 புள்ளி எடுக்கும் அணிக்கு வெற்றி. 1900களின் தொடக்கத்தில் பிரான்ஸின் மார்செய் அருகே லா சியோத்தாவில், முடக்குவாதத்தால் ஓடி வந்து வீச முடியாத ஒருவருக்காக, நின்ற இடத்திலிருந்தே வீசும்படி பழைய குண்டாட்டத்தின் விதியை மாற்றியதில் பிறந்ததாம் இது.