அம்மா, இது சரியா?

“தானா உட்கார்ந்து படியேன்டா!”

இந்த வாக்கியத்தைச் சொல்லாத தாய் தமிழ்நாட்டில் இருக்கிறாளா, சகோதரிகளே? பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் தாய் இதைச் சாயங்காலம் ஒரு வேளைதான் சொல்கிறாள். பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக் கொடுக்கிற என்னைப் போன்றவர்களுக்கோ நாள் பூராவும் இதே பாட்டுத்தான். அடுப்பில் குழம்பு கொதிக்கும், கூடத்திலிருந்து “அம்மா, அடுத்தது என்ன?” என்று குரல் வரும். ஓடிப் போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பினால், தாளிப்பு கருகுவதற்குள் அடுத்த குரல்: “அம்மா, இது சரியா?”

முதல் கேள்வியைச் சமாளிப்பது சுலபம். இரண்டாவதுதான் பொல்லாதது. தான் செய்தது சரியா தப்பா என்பதை அம்மாவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிற பிள்ளை, அம்மா இல்லாத இடத்தில் என்ன செய்யும்?

வீட்டில் படிக்கிற பிள்ளைகளுக்கு இது வெறும் பேச்சு இல்லை. என்.ஐ.ஓ.எஸ். என்று சொல்கிறோமே, அந்தத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்ய 14 வயது நிறைந்திருக்க வேண்டும். பதிவு செய்தபின் 5 வருஷம் அவகாசம் உண்டு. ஒவ்வொரு பாடமாகவும் எழுதி முடிக்கலாம். அவர்களுடைய புத்தகங்கள் மாணவர் தானே படித்துக்கொள்வதற்கென்றே எழுதப்பட்டவை. பாடத்துக்கு நடுநடுவே கேள்விகள் இருக்கும், விடைகள் பாடத்தின் கடைசியில். தானே எழுதி, தானே திருத்திப் பழகாத பிள்ளைக்கு அந்தப் புத்தகம் பூட்டின பெட்டி மாதிரிதான்.

(சட்டம் பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்விச் சட்டம், 6 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை எதுவும் சொல்லவில்லை. இது தெரிந்துதான் இதில் இறங்க வேண்டும்.)

எங்கள் கலசப்பாக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் பர்வதமலை, இன்னொரு பக்கம் ஜவ்வாது மலை. இந்த மாதிரி மலையடிவாரத்திலும் மலைமேலும் உள்ள சிற்றூர்ப் பள்ளிகளில் ஒன்றிரண்டு ஆசிரியர்களே ஐந்து வகுப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டிவரும். யோசித்துப் பார்த்தால் என் வீடும் அப்படித்தான். ஒரே வாத்தியார் (அதுவும் சமையலையும் பார்க்கிற வாத்தியார்!), பன்னிரண்டு வயதுப் பையனுக்கு ஒரு பாடம், எட்டு வயதுப் பெண்ணுக்கு வேறொரு பாடம். ஆகவே யோசனை தேடும்போது பெரிய பெரிய பள்ளிகளைப் பார்க்காமல், ஓராசிரியர் பள்ளிகள் என்ன செய்தன என்று பார்த்தேன்.

ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷிவேலி இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளை நடத்திய பத்மநாப ராவ், ராமா தம்பதி, பாடங்களைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து அட்டைகளாக்கினார்கள். அந்த முறையைத்தான் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003இல் சில மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிவைத்தார். 2007-08க்குள் அது ‘செயல்வழிக் கற்றல்’ என்ற பெயரில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. இதைப் படிக்கும் இளம் தாய்மார்களில் சிலரே அந்த வகுப்பில் பாயில் உட்கார்ந்து படித்திருப்பீர்கள். சுவரில் ஏணிப்படம், தட்டுகளில் அட்டைகள், உட்கார்ந்தபடியே எழுதக் கீழ்மட்டக் கரும்பலகை, ஞாபகம் இருக்கிறதா? பிள்ளை தான் நிற்கிற படியை ஏணியில் பார்த்துக்கொள்ளும். அதற்கான சின்னம் போட்ட அட்டையைத் தானே எடுக்கும். முடித்ததும் அதே இடத்தில் திருப்பி வைக்கும்.

அதில் என் மனசைத் தொட்டது ஏணிகூட இல்லை, பிள்ளைகள் உட்கார்ந்த குழுக்கள்தான். முதலில் முழுக்க ஆசிரியர் துணையோடு, பிறகு பாதித் துணையோடு. அப்புறம் சக மாணவன் துணையோடு, அதிலும் பாதியோடு. அதற்கும் பிறகுதான் தனியாக. கடைசியில் மதிப்பீடு. பார்த்தீர்களா? தனியாக உட்காருவது ஐந்தாவதாக வருகிறது! நாமோ எடுத்த எடுப்பிலேயே “தானா படி” என்கிறோம். இன்னொரு விஷயம், கணக்கில் தனியாக நிற்கிற பிள்ளை அதே நாளில் தமிழுக்கு ஆசிரியர் பக்கத்தில் போய் உட்காரலாம். ‘இவன் தானா படிக்கிற பிள்ளை, அவள் அப்படி இல்லை’ என்று முத்திரை குத்துகிறோமே, அது சரியில்லை. பாடத்துக்குப் பாடம், வாரத்துக்கு வாரம் அது மாறும்.

அட்டையைப் புரட்டுவதே படிப்பாகிவிட்டது என்று குறை சொன்னவர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துக்கொண்டார்கள். பெயர் எதுவானாலும், பிள்ளை நிற்கிற படியிலிருந்து ஆரம்பிப்பது என்பதுதான் சங்கதி.

எங்கள் வீட்டு ஏணிக்குச் செலவே கிடையாது. பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம். பாடத்துக்கு ஒன்றாக நாலு பிஸ்கட் டின். வாரத்துக்கு வேண்டிய அட்டைகளை ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே எழுதிப் போட்டுவிடுகிறேன். டின்கள் பிள்ளையின் கைக்கு எட்டுகிற தட்டில்தான் இருக்க வேண்டும். பரணில் வைத்துவிட்டு ‘தானா எடுத்துப் படி’ என்றால் எப்படி? “அடுத்தது என்ன?” என்ற குரல் பத்தே நாளில் அடங்கிவிட்டது.

ஆனால் “இது சரியா?” அடங்கவில்லை. அதற்கு மருந்து வாசலிலேயே இருந்தது. சிக்குக் கோலம் போடுகிற பெண்ணுக்குத் தப்பை யாராவது சொல்ல வேண்டுமா? கோடு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரவில்லை, அல்லது ஒரு புள்ளி வளைபடாமல் நிற்கிறது என்றால், அவளே “அடடா” என்று புறங்கையால் அழித்துவிட்டு மறுபடி இழுப்பாள். மரியா மாண்டிசோரி அம்மையார் தம்முடைய சாதனங்களைச் செய்ததும் இந்தக் கணக்கில்தான். கட்டையிலுள்ள குழிகளில் உருளைகளைப் பொருத்தும்போது ஒன்று மாறிவிட்டாலும் கடைசி உருளைக்கு இடம் இருக்காது. டீச்சர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, நம் ஊர் ஆசிரியர்களுக்கு அவரே பயிற்சி கொடுத்திருக்கிறார்.

ஆகவே நான் ஒவ்வொரு பாடத்திலும் கோலத்தைத் தேடினேன். கணக்கில் அது தாராளமாகக் கிடைக்கிறது. 47ஐ 6ஆல் பெருக்கி 282 என்று எழுதினால், 282ஐ 6ஆல் வகுத்துப் பார்க்கட்டும், 47 வருகிறதா என்று. அதைவிடக் குறும்பான வழி ஒன்று உண்டு. 4ம் 7ம் 11. அந்த 1ம் 1ம் 2. 2ஐ 6ஆல் பெருக்கினால் 12. 1ம் 2ம் 3. விடை 282ஐயும் அதேபோலக் கூட்டினால் 12, அதுவும் 3. இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் விடை நிச்சயம் தப்பு. ஒத்துப் போனால்? ‘அநேகமாக’ சரி, அவ்வளவுதான். 228 என்று இலக்கத்தை மாற்றி எழுதினாலும் 3தான் வரும்! அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவன் என் பையன். அன்றைக்கு அவனுக்கு இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

தமிழில் ர-ற, ல-ள-ழ தகராறு எல்லா வீட்டிலும் இருக்கிறதுதானே? சொல்வதெழுதுதலை என் குரலில் செல்போனில் பதிந்து வைத்துவிடுகிறேன். கேட்டு எழுதி, புத்தகத்தைத் திறந்து, பிழையைச் சிவப்புப் பென்சிலால் அவர்களே சுழிக்க வேண்டும். “பாத்து எழுதிட்டா?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். எழுதினால் எழுதட்டுமே! இதில் மார்க்கும் இல்லை, திட்டும் இல்லை. பார்த்து எழுதி என்ன லாபம்? திட்டு விழும் என்று பயந்தால்தானே திருட்டு வருகிறது.

எட்டு வயதுக்காரிக்கு மட்டும் ஒரு தந்திரம். காலையில் மூன்று புளியங்கொட்டை கொடுப்பேன். என்னைக் கூப்பிட்டுக் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கொட்டையைத் திருப்பித் தர வேண்டும். அண்ணனைக் கேட்டால் கொட்டை வேண்டாம். முதல் வாரம் ஒன்பது மணிக்கே மூன்றும் போய்விட்டது. அப்புறம் கஞ்சத்தனம் வந்தது பாருங்கள்! இப்போது மத்தியானம் கையில் இரண்டாவது மிஞ்சுகிறது. அண்ணனுக்கும் இதில் லாபம். சொல்லிக் கொடுக்கும்போதுதான் தனக்குத் தெரியாதது அவனுக்குத் தெரிகிறது. பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக் கொடுப்பது நம் திண்ணைப் பள்ளிகளில் இருந்ததுதான். எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தம் விடுதியிலும் அதைக் கொண்டுவந்தார். பிள்ளைகளையே பிள்ளைகளுக்கு ஆசிரியராக்கி, 1797இல் லண்டனில் புத்தகமும் போட்டார். அங்கே அதற்குப் பெயர் ‘மெட்ராஸ் முறை’!

இதற்கெல்லாம் ஆரம்பத்தில் என் மாமியாருக்குச் சம்மதமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் அவரே, “மல்லாட்டைய தோலுரிச்சி வாயில போட்டுக்கினே இருந்தா, அது எப்பம்மா உரிக்கக் கத்துக்கும்?” என்றார். அன்றிலிருந்து எனக்குத் துணை அவர்தான்.

பையன் இப்போது தனக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறான். நான் சொல்லிச் செய்ததில்லை. செய்யாறு ஜவ்வாது மலையில் உற்பத்தியாகிற ஆறு. மலைப் பக்கம் மழை கறுத்த நாளையும், நம் ஊர் ஆற்றில் தண்ணீர் தலைகாட்டுகிற நாளையும் அவன் எழுதி வருகிறான். நடுவில் எத்தனை நாள் என்று அவனுக்குத் தெரிய வேண்டுமாம். ஆற்றங்கரைக்குத் தனியாகப் போகக் கூடாது, அப்பாவோடுதான் என்பது மட்டும் என் சட்டம். இந்த விஷயத்தில் சுதந்திரமெல்லாம் கிடையாது.

கட்டுரைதான் இன்னும் தகராறாக இருக்கிறது. அதற்குப் புத்தகத்தின் பின்பக்கம் விடையும் இல்லை, 9ஆல் சரிபார்க்கவும் முடியாது. அதனால் எழுதியதைப் பாட்டிக்கு உரக்கப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. காது மட்டும் கூர்மை. “இன்னாடா சொல்ற, புரியல” என்று அவர் நிறுத்துகிற இடத்தில் பையன் கோடு போட்டுக்கொள்கிறான். போன வாரக் கட்டுரையில் ஐந்து கோடு. சாயங்காலம் அவனே அடித்துத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தான்.