உஷார்! கடை வாசலில் பையைத் திறக்கும் முன் இதைப் படியுங்கள்

ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரிலிருந்தும் புதூர்நாட்டிலிருந்தும் பண்டிகைச் சாமான் வாங்கக் கீழே இறங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டு பஸ் ஏறுங்கள். படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் பாட்டிக்கும் வீட்டுப் பிள்ளைகள் படித்துக் காட்டுங்கள். திருப்பூருக்கும் குடகுக்கும் வேலைக்குப் போயிருக்கிற பையன்களுக்கு போனிலாவது சொல்லிவிடுங்கள்.

போளூர், செங்கம், திருப்பத்தூர், வேலூர் என்று எல்லா ஊரிலும் சூப்பர் மார்க்கெட் வந்துவிட்டது. உள்ளே நுழையும்போது பையை வாங்கிக்கொண்டு டோக்கன் தருகிறார்கள். வெளியே வரும்போது பில்லைப் பார்த்து ஓட்டை போட்டு அனுப்புகிறார்கள். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. கடை அவர்களுடையது; பையை வெளியே வைத்துவிட்டு வா என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு, பிடிக்கவில்லை என்றால் வேறு கடைக்குப் போக நமக்கும் உரிமை உண்டு. ஆபத்து அதற்குப் பிறகுதான். பணம் கட்டி, பில் வாங்கி, வாசலைத் தாண்டப் போகும்போது "ஏம்மா, அந்தக் கட்டைப் பையக் கொஞ்சம் திற" என்று ஒரு குரல் கேட்கும். உஷார்!

இது ஏன் மலைக்காரர்களுக்குக் கூடுதல் ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். டவுன்காரர் அந்தக் கடைக்கென்றே வருகிறார், வாங்கியதும் வீட்டுக்குப் போய்விடுகிறார். மலையிலிருந்து இறங்குகிறவருக்கு ஒரே நாளில் ஆஸ்பத்திரி, ரேஷன் கார்டு வேலை, விதை, துணி, மளிகை எல்லாம் முடிந்தாக வேண்டும். நாலு கடைச் சாமான் ஒரே பைக்குள் இருக்கும். அதில் பாதி, பில்லே தராத சின்னக் கடைகளில் வாங்கியது. சூப்பர் மார்க்கெட்டில் விற்கிற அதே சோப்பு, அதே எண்ணெய், அதே டீத்தூள். பில் எங்கே என்று கேட்டால் காட்ட எதுவும் இருக்காது. திருடாதவர் திருடியவர்போல நிற்பதற்கு இவ்வளவு போதும்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் என் கண்ணெதிரே நடந்ததைச் சொல்கிறேன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் அந்த அம்மாவுக்கு. பையில் ஒரு தேங்காயெண்ணெய் பாட்டில் இருந்தது, பில் இல்லை. எதிர்வரிசைப் பெட்டிக்கடையில் வாங்கியது என்று சொன்னார். யாரும் காது கொடுக்கவில்லை. ஸ்டாக் ரூமுக்குக் கூட்டிப்போய்ப் பையை மேஜைமேல் கவிழ்த்தார்கள். கொய்யாப்பழம் நாலைந்து உருண்டு கீழே விழுந்தது. மருந்துச் சீட்டு, சுருக்குப் பை, பேரனுக்கு வாங்கிய ஜட்டி எல்லாம் ஊரார் பார்க்கப் பரப்பி வைக்கப்பட்டன. ஒரு பையன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். "எழுதிக் கொடுத்துட்டுப் போ, இல்லன்னா போலீஸ்" என்றார் சூப்பர்வைசர். கூட்டத்தில் ஒருவர் பெட்டிக்கடைக்காரரையே கையோடு கூட்டிவந்து "ஆமாம், நம்ம கடையில வாங்குனதுதான்" என்று சொல்ல வைத்த பிறகே விட்டார்கள். "சரி சரி, போம்மா" என்றதோடு முடிந்தது. மன்னிப்பு ஒரு வார்த்தை இல்லை. அதற்குள் மலைக்குப் போகும் கடைசி பஸ் போய்விட்டது.

பெட்டிக்கடை பூட்டியிருந்தால்? அந்த அம்மா பயத்தில் கைரேகை வைத்திருந்தால்?

கடைச் சாமானைத் திருடினான் என்ற சந்தேகம் எதுவரை போகும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்தில் சான்று இருக்கிறது. கேரளத்தின் அட்டப்பாடியில் 2018 பிப்ரவரி 22 அன்று மது என்ற ஆதிவாசி இளைஞரை, கடைகளில் அரிசியும் மளிகையும் திருடினார் என்று சொல்லி ஒரு கும்பல் காட்டுக்குள் போய்ப் பிடித்துவந்தது. கைகளைக் கட்டினார்கள், அடித்தார்கள், பக்கத்தில் நின்று செல்ஃபியும் எடுத்துக்கொண்டார்கள். போலீஸ் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2023 ஏப்ரலில், மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 16 பேரில் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. 13 பேருக்கு ஏழாண்டு கடுங்காவல். வழக்கின் நடுவே சாட்சிகள் வரிசையாகப் பிறழ்ந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. மதுவின் தாயும் சகோதரியும் விடாமல் நின்றதால்தான் அந்தத் தீர்ப்பாவது கிடைத்தது.

ஜவ்வாது மலைக்கும் இந்தச் சந்தேகம் பழையது. ஒரு காலத்தில் சந்தனக்கட்டைக் கடத்தல், பிறகு செம்மரக் கடத்தல். 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. செத்தவர்கள் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளிகள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. எங்களைத் தாக்கினார்கள், சுட்டோம் என்றது போலீஸ். பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சொன்னார்கள். ஆளைப் பார்த்து, ஊரைக் கேட்டு, கையிலிருக்கும் மூட்டையை வைத்து முடிவு கட்டுவது எங்கே கொண்டுபோய் விடும் என்று இந்த மலைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடை வாசலில் நடப்பதைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள் என்று நான் பதறுவது அதனால்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்க மாநிலங்களில் திருட்டுச் சந்தேகம் இருந்தால் வாடிக்கையாளரைச் சிறிது நேரம் நிறுத்திவைக்கக் கடைக்காரருக்குத் தனிச் சலுகை உண்டு. நம் நாட்டில் அப்படி ஒரு தனிச் சலுகை இல்லை. செக்யூரிட்டிக்கு போலீஸ் அதிகாரம் கிடையாது. சட்டத்தின் முன் அவரும் உங்களையும் என்னையும் போல ஒரு தனிமனிதர்தான். தனிமனிதர் இன்னொருவரைப் பிடித்துவைக்க, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆவது பிரிவு ஒரு சின்ன வாசலைத்தான் திறந்துவைத்திருக்கிறது. ஜாமீனில் விட முடியாத, போலீஸ் பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் தன் கண்முன் நடந்திருக்க வேண்டும். பிடித்த ஆளைத் தாமதிக்காமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள், போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டங்களின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைவான சாதாரண முதல் திருட்டு இந்த வகையிலேயே வராது. பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அதற்குத் தண்டனையே சமூக சேவைதான். அப்படியிருக்க, ஒரு எண்ணெய் பாட்டிலுக்காக ஸ்டாக் ரூமில் அடைத்துவைக்க எந்தச் சட்டமும் இடம் கொடுக்கவில்லை. தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் வழியை மறித்தால் 126ஆவது பிரிவு, அடைத்துவைத்தால் 127, அடித்தால் 115. மிரட்டிப் பணம் பறித்தால் 308. அதற்கு ஏழாண்டு வரை சிறை.

ஜவ்வாது மலை மலையாளிகள் பட்டியல் பழங்குடியினர். பலர் பார்க்க அவர்களை வேண்டுமென்றே இழிவுபடுத்துவதும், தொல்லை கொடுக்கப் பொய்ப் புகார் கொடுப்பதும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவில் வரும் குற்றங்கள். இதை அந்த சூப்பர்வைசர்கள் தெரிந்துகொண்டால் நல்லது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது "எழுதிக் கொடுத்துட்டுப் போ" என்பது. பயத்தில் இருப்பவருக்கு அது விடுதலைச் சீட்டுபோலத் தெரியும். கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவார்கள், ஊருக்குத் தெரியாது, பஸ்ஸைப் பிடித்துவிடலாம். ஆனால் போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கிற ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் உங்களுக்கு எதிராக ஏற்காது. கடைக்காரருக்கு எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு அந்தத் தடை இல்லை. மிரட்டி வாங்கினார்கள் என்று பிறகு நீங்கள்தான் போராட வேண்டியிருக்கும். வெற்றுத்தாளில் கையெழுத்து என்றால் இன்னும் மோசம். சாமான் விலையைப்போலப் பத்து மடங்கு அபராதம் கட்டு என்று கேட்பார்கள். அபராதம் விதிப்பது நீதிமன்றத்தின் வேலை, கடையின் வேலை இல்லை. கட்டாதீர்கள்.

அமெரிக்காவிலும் இதே கதை உண்டு. அலபாமாவில் ஒரு பெண்மீது, 2016இல், 48 டாலர் மளிகைக்காக வால்மார்ட் திருட்டுப் பழி போட்டது. நான் பணம் கட்டினேன், தானியங்கி பில் இயந்திரம் மக்கர் செய்தது என்றார் அவர். வழக்கு தள்ளுபடியான பிறகும், 200 டாலர் கொடு, இல்லையென்றால் வழக்கு என்று கடிதம் வந்தது. அவர் கொடுக்கவில்லை, திருப்பி வழக்குப் போட்டார். 2021 நவம்பரில் ஜூரி அவருக்கு 21 லட்சம் டாலர் இழப்பீடு தர உத்தரவிட்டது.

நம் ஊரில் அவ்வளவு தொகையெல்லாம் வராது. ஆனால் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு வழி இருக்கிறது. சின்னக் கடையானாலும் துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். கடைக்காரர் சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும். வெளிச் சாமான் இருந்தால் நுழையும்போதே பையோடு கவுண்டரில் கொடுத்து டோக்கன் வாங்குங்கள். புதுத்துணியில் கட்டிய திருட்டுத் தடுப்பு டேக்கை பில் போடுகிறவர் எடுக்க மறந்தாலும் வாசலில் மணி அடிக்கும். வேறு கடையில் எடுத்த துணியில் ஒட்டிக்கொண்டு வந்த டேக்குக்கும் அடிக்கலாம். மணி அடித்தால் ஓடாதீர்கள். நின்று, பில்லைக் கையில் எடுங்கள்.

பையைத் திற என்றால், திறந்து காட்டுவது உங்கள் விருப்பம். காட்டுவதானால் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில், கேமராவுக்குக் கீழே, உங்கள் கையாலேயே காட்டுங்கள். உள் அறைக்கு மட்டும் போகாதீர்கள். பெண்களின் உடம்பில் கைவைத்துச் சோதிக்கக் கடையில் யாருக்கும் அதிகாரம் இல்லை. போலீஸே ஆனாலும் பெண் போலீஸ்தான் சோதிக்க வேண்டும். மிரட்டினால் 112ஐ நீங்களே அழையுங்கள். "நானே போலீஸைக் கூப்பிடுறேன்" என்று முதலில் சொல்கிறவரிடம் கடைக்காரர்களின் குரல் தணிவதைப் பார்த்திருக்கிறேன்.

அவமானப்பட்டு வீடு திரும்பியிருந்தால் மறுநாளே எழுந்து வாருங்கள். பல கடைகளில் கேமராப் பதிவின் மேல் சில நாட்களில் புதுப் பதிவு ஏறிவிடும். தேதி, நேரம் போட்டு, பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லிக் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம், எண் 15100. வன்கொடுமைப் புகாருக்கு 14566. போலீஸ் ஸ்டேஷனில் புகார் மனுவை வாங்கிக்கொண்டு, "போயிட்டு வாங்க, பாத்துக்கறோம்" என்பார்கள். மனு பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கைக்கு வராமல் அந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்காதீர்கள்.