எதிரணிக்கும் ஒரு பேட்டரி

கிழக்கேகோட்டையில் வந்து குடியேறி வாழும் அன்பான பெற்றோரே, கேரள மாநிலப் பாடத்திட்டத்தில் 2025ஆம் ஆண்டு முதல் பத்தாம் வகுப்பு மாணவர் யாவரும் ரோபோட்டிக்ஸ் பயிலுகின்றனர். இனி உங்கள் பிள்ளைகளும் ரோபோ போட்டிகளுக்குப் புறப்படுவார்கள். "எப்படியாவது ஜெயித்து வா" என்று அனுப்புமுன் ஒரு காரியத்தைக் கவனியுங்கள்.

அமெரிக்காவில் டீன் கேமன் நிறுவிய 'ஃபர்ஸ்ட்' அமைப்பின் போட்டி 1992இல் 28 அணிகளோடு ஒரு பள்ளிக்கூட அரங்கில் ஆரம்பமாயிற்று. இன்று அதில் மூன்று அணிகள் கூட்டணியாக நின்று வேறு மூன்றை எதிர்க்கின்றன. தகுதிச் சுற்றில் ஆட்டத்துக்கு ஆட்டம் கூட்டணி மாறும். காலையில் எதிர்த்தவன் மாலையில் துணைவனாவான். ஓர் அணியின் மோட்டார் பழுதுபட்டால், உதிரிப்பாகத்தோடு எதிரணியினரே ஓடிவருவது அங்கே வழக்கம். மும்முரமாகப் போட்டியிடும்போதே எதிராளியைக் கண்ணியமாக நடத்தும் இப்பண்பை ஊன்றியவர், 2019இல் மறைந்த எம்.ஐ.டி. பேராசிரியர் வுடி ஃப்ளவர்ஸ்.

"கொடுத்துவிட்டுத் தோற்றால்?" என்பீர்கள். தோற்கவும் நேரிடும், மறைப்பானேன்? ஆனால் எதிரியின் ரோபோ அசையாமல் கிடக்கையில், உங்கள் மகள் இரவெல்லாம் விழித்துக் கட்டிய ரோபோவின் திறமையை எதனோடு ஒப்பிடுவது?

சாலைக் கடைத்தெருவில் அவளுக்குப் பேட்டரி வாங்கும்போது, ஒன்று கூடுதலாக வாங்கிக் கொடுத்தனுப்புங்கள்.