பார்வை வாத்து

கரையோரக் கதைகள் - 14

சவப்பெட்டி அளவில் ஒரு மரப்பெட்டி. அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, சுற்றிலும் பலகையும் கித்தானுமாக இறக்கை விரித்திருப்பார்கள். டிசம்பர் குளிரில், விடியுமுன்பே ஒருவர் துப்பாக்கியோடு போய் அதில் மல்லாந்து படுத்துக்கொள்வார். பெட்டியின் விளிம்பு நீருக்கு மேலே தூக்கி நின்றால் வாத்து கண்டுபிடித்துவிடும். அதனால் வார்ப்பிரும்பில் செய்த வாத்துகளை இறக்கைமேல் ஒவ்வொன்றாக அடுக்கி, விளிம்பு நீர்மட்டத்துக்கு இறங்கும்வரை அமுக்குவார்கள். சுற்றிலும் முந்நூறு, நானூறு மர வாத்துகள் கயிற்றில் ஆடிக்கொண்டிருக்கும். மேலே பறந்து வரும் கூட்டத்துக்கு, சொந்தபந்தமெல்லாம் நிம்மதியாக மேய்வதுபோலத் தெரியும். காற்று கொஞ்சம் வலுத்தால் போதும், படுத்திருப்பவரின் காதுக்குள் தண்ணீர் வந்துவிடும்.

இந்தப் பெட்டிக்கு சிங்க்பாக்ஸ் என்று பெயர். அமெரிக்காவின் மேரிலாந்தில், சஸ்குவஹானா ஆறு செசபீக் விரிகுடாவில் கலக்கும் இடத்தில் ஆழமில்லாத ஒரு பெரும் நீர்ப்பரப்பு இருக்கிறது. 'ஃபிளாட்ஸ்' என்பார்கள். அதன் கரையில் ஹாவர் டி கிரேஸ் என்ற சிற்றூர். இந்த வாரம் அங்கேதான் போகிறோம்.

அதற்கு முன் ஒரு சொல். ஆங்கிலத்தில் டெக்காய் என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று அகராதியைப் புரட்டினேன். நமக்கு முன்பே அங்கே ஒரு சொல் உட்கார்ந்திருக்கிறது: பார்வை. தன் இனத்தைத் தானே பிடித்துக் கொடுக்கப் பழக்கிய விலங்குக்கும் பறவைக்கும் அந்தப் பெயர். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடிசை முற்றத்து விளாமரத்தில் கட்டிக் கிடப்பது பார்வை மான். கூண்டுக் கௌதாரியைக் கூவவிட்டுக் காட்டுக் கௌதாரி பிடித்த கதையை உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். ஆகவே, இனி டெக்காய் கிடையாது, பார்வை வாத்துதான். அமெரிக்கப் பழங்குடிகளுக்கும் இந்த வித்தை தெரிந்திருந்தது. நெவாடாவின் லவ்லாக் குகையில் 1924-ல் கோரையால் செய்த பார்வை வாத்துகள் 11 கிடைத்தன. வயது சுமார் 2,000 ஆண்டு. அவை கேன்வாஸ்பேக் என்ற வாத்தின் சாயலில் இருக்கின்றன.

கேன்வாஸ்பேக் என்பது செம்பழுப்புத் தலையும் கித்தான் துணிபோல வெளிறிய முதுகும் கொண்ட, முங்கி இரை தேடும் வாத்து. ஃபிளாட்ஸின் அடியில் 'காட்டு செலரி' என்றொரு நீர்ப்புல் மண்டிக் கிடந்தது. நீர்வழி மகரந்தச் சேர்க்கைக்கு உதாரணமாகத் தாவரவியலில் படித்தோமே வாலிஸ்னேரியா, அதன் சகோதரி. பறவையின் அறிவியல் பெயரிலேயே அந்தப் புல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் கிழங்கைத் தின்று கொழுத்த வாத்துக்குத் தனி ருசி என்று பால்டிமோர், நியூயார்க் ஹோட்டல்கள் போட்டி போட்டு வாங்கின. ருசிதான் அதற்கு எமன்.

விரிகுடாவின் ஏழை மீனவர்களுக்குக் குளிர்காலக் கூலி வாத்து. தூக்க முடியாத கனத்தில் ஒரு நீளத் துப்பாக்கி. அதைத் தோளில் வைத்துச் சுட முடியாது, படகோடு சேர்த்துத்தான் கிடத்த வேண்டும். இருட்டில் சத்தமில்லாமல் துடுப்புப் போட்டு, உறங்கும் கூட்டத்தின் மேல் ஒரே வெடி. ஐம்பது, அறுபது சாகும். பீப்பாயில் அடைத்து ரயிலேற்றுவார்கள்.

இதற்கு மறுபக்கம் கிளப்புகள். 19-ஆம் நூற்றாண்டில் பெருநகரச் செல்வந்தர்கள் சதுப்பு நிலங்களையும் தீவுகளையும் வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ வேலி கட்டினார்கள். செசபீக்கில் கரோல்ஸ் ஐலண்ட் கிளப். தெற்கே வட கரோலினாவில் 1857-ல் தொடங்கிய கரிடக் ஷூட்டிங் கிளப். இந்த மாதிரி கிளப்புகளில் ஒரு வழக்கம் எனக்குப் பிடிக்கும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, மறுநாள் யாருக்கு எந்த மறைவிடம் என்று சீட்டுக் குலுக்குவார்கள். ரயில் கம்பெனி முதலாளியானாலும் சீட்டில் விழுந்த மூலைதான். அந்தச் சமத்துவம் சாப்பாட்டு மேஜையோடு சரி. விடியுமுன் எழுந்து படகு தள்ளி, விரல் விறைக்க நூற்றுக்கணக்கான மர வாத்துகளைத் தண்ணீரில் இறக்கியவர் உள்ளூர்க் கூலிக்காரர். அவர் பெயர் எந்தச் சீட்டிலும் இருந்ததில்லை. பெண்களுக்கும் இடமில்லை. வேட்டையில் ஆர்வமுள்ள மனைவியைக் கிளப்புகள் சேர்க்க மறுத்த கோபத்தில்தான் நைட் என்ற தொழிலதிபர் 1925-ல் தங்களுக்கென்றே கரிடக்கில் மாளிகை கட்டி முடித்தார் என்று அங்கே இன்றும் கதை சொல்கிறார்கள்.

1918-ல் வலசைப் பறவைகளுக்கான சட்டம் வந்தது. காட்டு வாத்தைச் சுட்டு விற்பது குற்றமாயிற்று. பருவத்தில் பொழுதுபோக்குக்குச் சுடலாம். சட்டம் இல்லாவிட்டால் சுடுவதற்கு வாத்தே மிஞ்சியிருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் யாருடைய துப்பாக்கி பறிபோனது, யாருடையது தப்பியது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. கிளப்காரர்களுக்கும் 1934-ல் செலவு வந்தது: வேட்டைக்குப் போகிறவர் ஒரு டாலருக்கு வாத்துத் தபால்தலை வாங்கியாக வேண்டும், அந்தப் பணம் சதுப்பு நிலம் காக்கப் போகும். முதல் தபால்தலையை வரைந்தவர் டிங் டார்லிங் என்ற கார்ட்டூனிஸ்ட். அடுத்த ஆண்டே சிங்க்பாக்ஸுக்குத் தடை. காலில் கயிறு கட்டிக் கத்தவிடும் உயிருள்ள பார்வை வாத்துக்கும் தடை. இரும்பு வாத்துகள் நங்கூரமாகவும் கதவுக்கு முட்டுக்கொடுக்கவும் போயின.

மர வாத்துக்கு மட்டும் தடையில்லை. ஹாவர் டி கிரேஸில் அதைச் செய்வதில் பேர்போனவர் ஆர். மேடிசன் மிட்செல். அவருடைய பிழைப்புத் தொழில் என்ன தெரியுமா? ஊரில் இறந்தவர்களுக்கு ஈமக் காரியம் நடத்தித் தருவது. சவப்பெட்டியில் படுத்துச் சுடும் ஊரில் இது தற்செயல்தானா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. விரிகுடாவின் தென்பகுதியில், கிரிஸ்ஃபீல்டில், லெம் வார்டு, ஸ்டீவ் வார்டு என்ற அண்ணன் தம்பி முடிதிருத்தும் கடை வைத்திருந்தார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் கத்தி கட்டைமேல் ஓடும். 'மரத்தில் கள்ள வாத்து அடிப்பவர்கள்' என்ற பொருளில் தங்களுக்குத் தாங்களே பட்டம் சூட்டிக்கொண்டார்கள்.

உடல் ஒரு கட்டை, தலை ஒரு கட்டை. வயிற்றடியில் ஈயம், மார்புக்குக் கீழே கயிறு கட்ட வளையம். ஈயம் கொஞ்சம் இடம் மாறினாலும் வாத்து குடிகாரன்போலச் சாயும். அந்தக் கூட்டத்தில் நிஜ வாத்து இறங்காது. ஆகவே கண்ணும் இறகும் எவ்வளவு அழகு என்பதல்ல, தண்ணீரில் எப்படி உட்காருகிறது என்பதே பரீட்சை. சாயம் உதிர்ந்தால் மேலே இன்னொரு பூச்சு. பயன்படுத்தியவர்கள் அப்படித்தான் செய்தார்கள். இன்று சேகரிப்பாளர்களுக்கு அந்த மறுபூச்சுதான் ஆகாது. செய்தவர் கைச்சாயம் அப்படியே இருக்க வேண்டும். பணக்காரர்களின் வேட்டை முகாமில் வேலை பார்த்த மாசசூசெட்ஸின் எல்மர் குரோவெல் செதுக்கிய ஊசிவால் வாத்து ஒன்று 2007-ல் 11.3 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

நிஜ வாத்துக்கு என்ன ஆயிற்று? 1972 ஜூனில் ஆக்னஸ் புயல் சஸ்குவஹானா வழியாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டலில் ஃபிளாட்ஸின் புல்வெளி மூச்சுமுட்டிப் போனது. ஏற்கெனவே நலிந்திருந்த புல் அதோடு ஏறத்தாழ அழிந்தது. கேன்வாஸ்பேக் மட்டிச் சிப்பிகளைத் தின்னப் பழகியது. பழைய ருசி போயிற்று என்று வேட்டைக்காரர்கள் புலம்பினார்கள். அதைச் சுடவே கூடாதென்று பருவம் முழுக்க மூடிவைத்த ஆண்டுகளும் உண்டு. இந்த நூற்றாண்டில்தான் ஃபிளாட்ஸில் புல் மறுபடி பரவலாகத் தலைகாட்டியது. ஹாவர் டி கிரேஸில் மர வாத்துக்கு ஓர் அருங்காட்சியகமும் ஆண்டுக்கொரு திருவிழாவும் இருக்கின்றன.

சுட்ட வாத்தைப் பனித்தண்ணீரில் நீந்திப் போய்க் கவ்வி வந்த நாயைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. 1807-ல் மூழ்கிக்கொண்டிருந்த ஓர் ஆங்கிலக் கப்பலிலிருந்து இரண்டு நாய்க்குட்டிகளைக் காப்பாற்றி மேரிலாந்துக் கரையில் இறக்கினார்கள். ஒன்று செய்லர், ஆண். மற்றது கேன்டன், பெண். அவற்றின் கதை அடுத்த வாரம்.